கேள்வித்தாள் நம் பிள்ளைக்கு ஏற்ற வடிவில் வரணும்



பொதுத்தேர்வு நெருங்கினால் நம் வீடுகளில் டி.வி. பெட்டி அணைந்துவிடும். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் கணக்கு முடிந்ததும் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும் நம் குழுக்களில் உண்டு. ஒருவர் பிள்ளைக்குப் பார்வை இல்லை. ஒருவர் பிள்ளைக்குக் கை ஒத்துழைக்காது. இன்னொருவர் பிள்ளை பாடத்தை வாயால் கேட்டால் பிசகாமல் சொல்லும், அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டவே தடுமாறும். "நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று அந்தத் தாய்மார் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒதுங்க வேண்டியதில்லை. பாடம் தெரிந்த பிள்ளை தாளைப் படிக்க முடியாததால் மதிப்பெண் இழந்தால் குறை பிள்ளையிடம் இல்லை; தாளின் வடிவத்தில் இருக்கிறது. வடிவத்தை மாற்றலாம். கணினி வந்த பிறகு அது இன்னும் சுலபமாகியிருக்கிறது. ஆனால் கணினியில் கொடுத்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த வடிவம் எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று தெரிந்து கேட்கணும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. பார்வை, கேட்புத்திறன், கை கால் குறைபாடுகளோடு, எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்கு ஏற்றபடி பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றம் செய்ய வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை உதாரணமாகவும் குறிப்பிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி எல்லாம் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

எழுத்துத் தேர்வுகளுக்காக மத்திய அரசு 2013-இலும் 2018-இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தேர்வு எழுதுபவர் பிரெயில், கணினி, பெரிய எழுத்து அச்சு, பதிலைக் குரலில் பதிவு செய்தல் ஆகியவற்றில் தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவற்றில் சொல்லப்பட்டது. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தர வேண்டும் என்றும் இருந்தது.

சதவீதம் 40-க்குக் குறைவாக இருக்கிறதே என்று கலங்குகிற தாய்மாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும். எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடு உள்ள ஒருவரின் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்று காரணம் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுபவர்களுக்காக 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டு நெறி வந்தது.

எழுத ஆள் இருக்கும்போது கணினி எதற்கு?

நம் மாநிலப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். பல பிள்ளைகள் அதனால்தான் கரையேறியிருக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

வந்த ஆசிரியர் கேள்வியை ஒருமுறை வாசிப்பார். பிள்ளைக்கு மறுபடி கேட்கணும்போல இருக்கும். மூன்றாவது முறை கேட்கக் கூச்சம். வேதியியல் பெயரைப் பிள்ளை சரியாகச் சொல்லும், எழுதுபவருக்கு அது பழக்கமில்லாத சொல்லாக இருக்கும். எழுதி முடித்த பதிலைத் திருப்பிப் படித்துப் பார்க்கிற வசதியும் பார்வை இல்லாத பிள்ளைக்கு இல்லை. கணினி பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. பிள்ளை தானே படிக்கிறது, தானே எழுதுகிறது, தானே திருத்துகிறது. வந்த மதிப்பெண் தன்னுடையது என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். நாளைக்குக் கல்லூரிக்கும் வேலைக்கும் போகும்போது அந்தப் பழக்கம் கூடவே வரும்.

இதற்காக எழுதுபவரே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விரலை அசைக்க முடியாத பிள்ளைக்கும், கணினி பழகாத பிள்ளைக்கும் அவர்தான் துணை.

மாவு ஒன்று, பலகாரம் பல

ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் ஊற்றலாம். பல் இல்லாத பாட்டிக்கு முறுகல் தோசை கொடுத்தால் மாவில் குறை சொல்ல முடியுமா? கேள்வித்தாளும் அப்படித்தான். கேள்வி மாறக் கூடாது, மதிப்பெண் மாறக் கூடாது. பிள்ளையின் கைக்கு வரும் வடிவம் மட்டும் மாறணும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய எழுத்து அச்சு: ஓரளவு பார்வை உள்ள பிள்ளைக்கு. 18 புள்ளி அளவில் அச்சிடுவது பொதுவான பழக்கம். ஏ4 தாளை ஜெராக்ஸ் கடையில் ஏ3 ஆகப் பெரிதாக்கினால் 12 புள்ளி எழுத்து சுமார் 17 புள்ளி ஆகும். ஆனால் தாள் மேசையை விடப் பெரிதாகிவிடும், மங்கலான படம் மங்கலாகவேதான் பெரிதாகும். கோப்பிலேயே எழுத்தளவைக் கூட்டி அச்சிடுவதுதான் சரி.

பிரெயில்: ஆறு புள்ளிகளால் ஆன தொடு எழுத்து. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வந்தது. சின்ன வயதிலிருந்தே பிரெயில் படித்த பிள்ளைக்கு இதற்கு ஈடு இல்லை. பாதியில் பார்வை போன பிள்ளைக்கு விரல் வேகம் வர நாளாகும்.

பி.டி.எஃப்: அச்சுத் தாள் எப்படி இருக்கிறதோ அப்படியே திரையில் தெரியும். கேள்வி எண், பக்கம் எல்லாம் மற்றப் பிள்ளைகளின் தாளோடு ஒத்துப்போகும். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, தாளைப் போட்டோ எடுத்து வைத்தது. அது வெறும் படம். கணினிக்கு அதில் எழுத்து இருப்பதே தெரியாது, வாசிக்காது. இன்னொன்று, எழுத்தாகவே உள்ளது. அதை வாசிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கு இதில் இன்னொரு சிரமமும் உண்டு. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்கணும்.

வேர்டு கோப்பு: எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து திரைக்குள்ளேயே நிற்கும். எழுத்தின் நிறம், பின்னணி நிறம், வரி இடைவெளி எல்லாம் மாற்றலாம். கேள்விக்குக் கீழேயே பதிலைத் தட்டச்சு செய்யலாம். தெரியாமல் கை பட்டுக் கேள்வியே அழிந்துபோகும் அபாயமும் உண்டு. அதனால் பதில் எழுதும் இடத்தை மட்டும் திறந்து வைத்து மற்றதைப் பூட்டி வைக்கணும். எழுத்துப்பிழை திருத்தும் வசதியை வைத்துக்கொள்ளலாமா, அணைத்துவிடணுமா என்பதைத் தேர்வு நடத்துபவர் முன்கூட்டியே சொல்லணும்.

இ-பப், டெய்சி: இவை புத்தகத்துக்கு ஏற்ற வடிவங்கள். பாடம், தலைப்பு, பக்கம் என்று தாவித் தாவிப் படிக்கலாம்; டெய்சியில் குரலும் சேர்ந்தே வரும். பார்வை இல்லாதவர்களுக்கும் அச்சு எழுத்தைப் படிக்க முடியாத மற்றவர்களுக்கும் 2016-இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் இப்படிப்பட்ட நூல்களுக்கானது. பாடம் படிக்க நல்லது. பதில் எழுத வேண்டிய தாளுக்கு வேர்டே வசதி.

ஒலிப்பதிவு: கேள்வியை ஒருவர் வாசித்துப் பதிவு செய்வது. சிறு கேள்விக்குச் சரி. ஆனால் 12-ஆம் கேள்விக்குத் திரும்பப் போகணும் என்றால் பதிவைத் தேடிக்கொண்டே நேரம் போய்விடும்.

தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை

ஸ்காட்லாந்து நாட்டின் தேர்வு வாரியம் சில பள்ளிகளில் சோதித்துப் பார்த்த பிறகு, 2008 முதல் பள்ளித் தேர்வுகளுக்கு டிஜிட்டல் கேள்வித்தாள் கொடுக்கத் தொடங்கியது. அவர்கள் பி.டி.எஃப் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். அச்சுத் தாள் போலவே இருக்கும், இலவச மென்பொருளில் திறக்கும், பதில் எழுதக் கட்டங்கள் போடலாம் என்பவை அதன் வசதிகள். அந்த நாட்டு உச்சரிப்பிலேயே பேசும் கணினிக் குரலும் பள்ளிகளுக்கு இலவசமாகக் கிடைத்தது. பிள்ளைகள் கேட்டுப் பழகிய உச்சரிப்பு அது.

அங்கே பி.டி.எஃப் சரிப்பட்டது என்று நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தமிழில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தாள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துதான், தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் வாசிக்கும் மென்பொருள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று உளறும். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்தால்தான் 'அம்மா' என்று வாசிக்கும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டிருக்கிறது. இருந்தாலும் டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இரண்டாவது சிக்கல், யூனிகோடில் அடித்த தாளுக்கும் வரும். அதை பி.டி.எஃப் ஆக மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவது உண்டு. 'கொடு' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு முன்னால் தனியாக நிற்க, குரல் அதைத் தப்பாக வாசிக்கும். ஆங்கிலத்தில் கொம்பும் இல்லை, காலும் இல்லை; அவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால் தமிழ்த் தாளைக் குரலில் கேட்கப் போகும் பிள்ளைக்கு யூனிகோடில் உள்ள வேர்டு கோப்பைக் கேட்பதே பத்திரம்.

சோதித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆசிரியர் அனுப்பிய ஒரு மாதிரித் தாளைக் கைபேசியில் திறங்க. ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடிங்க. சொல் தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படமாக இருக்கும். தேர்வானால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க. அதே தமிழ் வந்தால் நல்லது. ஆங்கில எழுத்தாகச் சிதறி வந்தால் பழைய எழுத்துரு. கொம்பு இடம் மாறி வந்தால் இரண்டாவது சிக்கல். இதைப் பார்த்துவிட்டுப் போனால் பள்ளியில் நம் பேச்சுக்குக் கனம் இருக்கும்.

கணக்கும் படமும்

கணக்குப் பாடத்தில் பின்னம், வர்க்கமூலம் எல்லாவற்றையும் படமாக ஒட்டிவிட்டால் குரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். சமன்பாடு எழுதும் வசதியைக் கொண்டே அதை எழுதணும். அறிவியல் படம் என்றால் படத்தில் இருப்பதைச் சொற்களில் விளக்கிக் கூடவே எழுதணும், விடையைச் சொல்லிக்கொடுக்காமல். வடிவியல் படத்தைத் தொட்டுப் பார்க்கும்படி மேடாக்கித் தருவது பார்வை இல்லாத பிள்ளைக்கு உதவும். எல்லாப் பாடத்துக்கும் ஒரே வடிவம் என்று இல்லை. சமூக அறிவியலுக்குக் கணினி, கணக்குக்குப் பிரெயில் என்று கலந்தும் கேட்டுப் பார்க்கலாம்.

யாருக்கு எது பொருந்தும்?

பார்வை அறவே இல்லை என்றால்: பிரெயில் தெரிந்தால் பிரெயில், கணினி பழகியிருந்தால் திரைவாசிப்பானோடு வேர்டு கோப்பு. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும்.

பார்வை குறைவு என்றால்: பெரிய எழுத்து அச்சு, அல்லது எழுத்தளவை மாற்றக்கூடிய வேர்டு கோப்பு.

வாசிப்பில் தடுமாற்றம் என்றால்: கேட்டுக்கொண்டே பார்க்கும் வசதி. வாசிக்கும் சொல் நிறம் மாறித் தெரிந்தால் கண் இடம் தவறாது. காதொலிக் கருவி மாட்டணும் அல்லது தனி அறை வேண்டும்.

கை ஒத்துழைக்காது என்றால்: தாள் எந்த வடிவில் வந்தாலும் சரி, பதிலுக்குத்தான் வழி வேண்டும். பெரிய விசைப்பலகை, பழகிய மௌஸ், அல்லது சொல்வதை எழுதுபவர்.

காது கேட்காத பிள்ளை என்றால்: குரல் உதவாது. கேள்வியின் வாக்கியம் நேராக, குட்டியாக இருப்பதுதான் பெரிய உதவி.

இது ஒரு வழிகாட்டிதான். ஒரே குறைபாடு உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வடிவம் பொருந்தணும் என்றில்லை. முடிவு எடுக்கும்போது பிள்ளையையும் உட்கார வைத்துக் கேளுங்க.

பரீட்சை அன்றைக்குப் புதுசு எதுவும் கூடாது

கணினியில் எழுத அனுமதி வாங்கி, பரீட்சைக் கூடத்தில்தான் முதல்முறை அதைத் தொட்டால் பிள்ளை இருந்த தைரியத்தையும் இழந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்கத் தொடங்கணும். தமிழ்த் தட்டச்சுக்கு 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை கற்க எளிது. 2011 முதல் பல ஆண்டுகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி ஏதாவது அண்ணன் அக்கா வீட்டில் சும்மா கிடந்தால் அதில் பழகலாம். மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு எல்லாவற்றையும் அதே வடிவில் எழுதிப் பார்க்கணும். அங்கே வரும் கோளாறு அங்கேயே தீரும். "போன மூன்று தேர்வையும் இப்படித்தான் எழுதினாள்" என்ற பள்ளியின் குறிப்பு விண்ணப்பத்துக்கும் வலு.

விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. சி.பி.எஸ்.இ. வாரியம் 2018-இல், மருத்துவச் சான்றுடன் வரும் பிள்ளைகள் கணினி பயன்படுத்த அனுமதித்தது: பதில் தட்டச்சு செய்ய, கேள்வியைப் பெரிய எழுத்தில் பார்க்க, கேட்க. எல்லாம் அழித்துச் சுத்தம் செய்த கணினியைப் பிள்ளையே கொண்டுவரணும், இணையம் கூடாது. ஆனால் அதே 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறியில் சொந்த மடிக்கணினி கூடாது, விசைப்பலகை போன்ற துணைக் கருவிகளைக் கொண்டுவரலாம், தேர்வுக்கு முந்தின நாளே கணினியைச் சோதித்துப் பார்க்க விடணும் என்று இருந்தது. ஆகவே "பக்கத்து ஊரில் கொடுத்தாங்களாம்" என்ற பேச்சை நம்பி இருந்துவிடாமல், நம் பிள்ளை எழுதும் தேர்வின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்க.

விண்ணப்பத்தில் என்ன இருக்கணும்?

தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். கல்வியாண்டு தொடங்கியதுமே கொடுத்துவிடுவது நல்லது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது மருத்துவச் சான்று நகல் இணைக்கணும். "சலுகை வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் வழக்கமான சலுகைதான் கிடைக்கும். இப்படிப் பிரித்து எழுதுங்க:

1. கேள்வித்தாள் எந்த வடிவில் வேண்டும்; யூனிகோடு வேர்டு கோப்பா, பெரிய எழுத்தா, பிரெயிலா. எழுத்தளவும் சொல்லணும்.
2. பதில் எப்படி எழுதப்படும்.
3. எந்த மென்பொருள், எந்தக் கருவி.
4. எவ்வளவு கூடுதல் நேரம்.
5. தனி அறை வேண்டுமா.
6. மின்சாரம் போனாலோ கணினி நின்றாலோ மாற்று ஏற்பாடு என்ன. போன நேரத்தைத் திருப்பித் தருவார்களா.

ஆறாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போகும் நம் ஊர்களில் அதுதான் முதலில் கேட்க வேண்டியது. கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்க. பதில் வராவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் எழுத்தில் அணுகலாம். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியர் பிள்ளைக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று சோதித்துப் பார்க்க உதவுவார்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

வங்கிக்குத் தனியாகப் போனபோது வாசலில் நிறுத்தப்பட்ட நாம், குழுவாகப் போனபோது நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டோம். இதுவும் அப்படித்தான். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் எடுப்போம். தாய் தனியாகப் போகாமல் ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் கூடப் போவோம். காதொலிக் கருவி, விசைப்பலகை வாங்கச் சின்ன உள்கடன் கேட்டால் அதையும் தொழில் கடன் மாதிரி மதித்துக் கொடுப்போம். டி.டி.பி. கடை வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், பள்ளித் தாள்களை யூனிகோடில் அடித்துத் தரச் சொல்வோம்.

சகோதரிகளே, ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயிடம் இந்த இதழைக் கொடுங்க. படிக்க முடியாதவராக இருந்தால் வாசித்துக் காட்டுங்க. பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உங்க பிள்ளைக்குத் தாளைப் பார்த்தால் புரியுமா, தொட்டால் புரியுமா, கேட்டால் புரியுமா?" அவர் சொல்லும் பதில்தான் விண்ணப்பத்தின் முதல் வரி.